விளக்குத்தூணைப் படம்பிடித்த காப்டன்

மதுரை மாநகருக்குச் சென்றவர்கள் பலரும் விளக்குத்தூணைக் கடந்திருப்பர். திருமலை நாயக்கர் மகாலுக்கு அருகே, துணிக்கடைகளும் கைவண்டிகளும் நெருக்கியடிக்கும் அந்த முச்சந்தியில் நிற்கும் தூண் யார் நினைவாக நாட்டப்பட்டது என்று கேட்டால், அங்கே கடை வைத்திருப்பவர்களிலும் சிலரே விடை சொல்வர். அது பிளாக்பர்ன் என்னும் மாவட்ட ஆட்சித்தலைவரின் நினைவுத்தூண். 1840-களில் மதுரையைச் சுற்றியிருந்த நாயக்கர் காலக் கோட்டை மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, நகரம் வெளியே பரவ வழிசெய்தவர் அவர். மதிலும் அகழியும் இருந்த வளையத்தில்தான் இன்றைய வெளிவீதிகள் ஓடுகின்றன. அவ்வேலையை அளந்தும் மேற்பார்த்தும் முடித்தவர்களின் பெயர்கள் மாரட் வீதியிலும் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் நிலைத்துவிட்டன. பெரியார் பேருந்து நிலையத்தின் பக்கம் எஞ்சியிருக்கும் மேலவாசல் கொத்தளத் துண்டு ஒன்றைத் தவிர, கோட்டை போய்விட்டது.

அந்தக் கோட்டை எப்படி இருந்தது? வரைபடங்கள் உண்டு, எழுதி வைத்தவர்கள் உண்டு, புகைப்படம் கிடையாது. ஏனெனில் மதில் விழுந்தபோது மதுரைக்குக் காமிரா வந்து சேரவில்லை. 1858-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தபோது, மதில் இருந்த இடத்தில் தெரு இருந்தது. மதிலை இடித்தவருக்கு எழுப்பிய தூண் இருந்தது. வந்தவர் அந்தத் தூணையும் ஒரு படம் எடுத்துக்கொண்டார். அவர்தாம் இக்கட்டுரையின் தலைவர், காப்டன் லின்னேயஸ் டிரைப்.

இங்கிலாந்தின் தென்மேற்கில் கப்பல் துறையாகிய டெவன்போர்ட்டில் 1822-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் ஓர் அறுவை மருத்துவர். பன்னிரண்டு பிள்ளைகள் கொண்ட குடும்பத்தில் இவர் ஒன்பதாமவர். செடிகொடிகளுக்கெல்லாம் முறையாகப் பெயர்சூட்டி வகைப்படுத்திய ஸ்வீடன் நாட்டு அறிஞரின் பெயர் இவருக்கும் அமைந்திருந்தது. பிற்காலத்தில் தம் படங்களுக்கு வரிசையெண்ணும் பெயரும் இட்டு இவர் காத்த ஒழுங்கைப் பார்க்கும்போது, பெயர் பொருந்தித்தான் இருக்கிறது என்று எண்ணத் தோன்றுகிறது.

அக்காலத்தில் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை ஒரு பிழைப்பு வழி. 1838-ஆம் ஆண்டில், பதினாறு வயதில், டிரைப் அதில் சேர்ந்தார். சென்னை மாகாணக் காலாட்படையில் இடம் கிடைத்தது. தென்னிந்தியாவில் பன்னிரண்டு ஆண்டுகள் போல் பணியாற்றியபின் விடுப்பில் தாயகம் சென்றார். உடல்நலக் குறைவால் விடுப்பு நீண்டது. அந்த நீண்ட விடுப்புதான் அவர் வாழ்வைத் திருப்பிவிட்டது. இலண்டனில் அப்போது புகைப்படம் என்பது கனவான்களின் புதிய பித்து. 1853-இல் இலண்டன் புகைப்படச் சங்கம் தொடங்கப்பட்டதும் டிரைப் அதில் உறுப்பினரானார். துறைமுகத்தையும் கப்பல்களையும் எடுத்துப் பழகினார். 1854-இல் காப்டன் பதவியோடு பெங்களூருக்குத் திரும்பியபோது, அவருடைய பெட்டிகளில் காமிராவும் இருந்தது.

இங்கே, அந்நாளைய புகைப்படக் கலை எத்தகைய உழைப்பைக் கேட்டது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கைப்பேசியை நீட்டியதும் படம் விழும் காலத்தில் இருக்கும் நமக்கு அது எளிதில் விளங்காது. டிரைப் பயன்படுத்தியது மெழுகுத்தாள் முறை. நல்ல தாளை மெழுகில் தோய்த்து ஊடுருவும்படி செய்வர். பின்பு அயோடைடு கலந்த கரைசலில் ஊறவைத்து உலர்த்துவர். அதன்பின் வெள்ளி நைட்ரேட்டில் நனைத்து ஒளியை உணரும்படி செய்வர். அந்தத் தாளைக் காமிராவில் செருகி நிமிடக் கணக்கில் வில்லையைத் திறந்து வைக்க வேண்டும். பிறகு இருட்டறையில் காலிக் அமிலத்தில் மணிக்கணக்கில் கிடத்தினால் எதிர்ப்படம் மெல்ல எழும். பெரிதாக்கும் வசதி கிடையாது. அச்சுப்படம் எந்த அளவோ அந்த அளவுக்கு எதிர்ப்படத்தாளும் காமிராவும் இருக்க வேண்டும். டிரைப்பின் தாள் ஏறத்தாழ ஒன்றே கால் அடிக்கு ஓர் அடி. அச்சிடுவதோ வெயிலில். எதிர்ப்படத்தையும் உப்பு அல்லது முட்டை வெண்கரு பூசிய தாளையும் ஒன்றாகச் சட்டத்தில் வைத்துச் சூரியனுக்குக் காட்ட வேண்டும். மங்காமலிருக்கத் தங்க உப்பில் ஒரு முழுக்கும் உண்டு. நம் ஊர் வெயிலும் புழுக்கமும் தூசியும் தண்ணீரின் உப்பும் இவை ஒவ்வொன்றையும் கெடுக்க வல்லவை. கண்ணாடித் தகடுகள் கூர்மையான படம் தருபவைதாம். ஆனால் ஈரம் காயுமுன் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். தாளை முன்னதாகவே தயாரித்து எடுத்துச் செல்லலாம். வழிநடைக்காரருக்குத் தாளே உற்ற துணை என்று டிரைப் கண்டுகொண்டார்.

திரும்பி வந்த ஆண்டு டிசம்பரிலேயே ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படம்பிடித்தார். 1855-ஆம் ஆண்டு சென்னையில் நடந்த பொருட்காட்சியில் அவருடைய 68 படங்கள் வைக்கப்பட்டன. தாளில் எடுத்த படவரிசைகளில் அவையே சிறந்தவை என்று நடுவர் குழு தீர்மானித்தது. அவை அதுவரை யாரும் புகைப்படம் எடுத்திராத கோயில்கள்.

அதே ஆண்டு அவருக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. இரண்டாம் பர்மியப் போரில் கீழ்ப் பர்மாவைக் கம்பெனி பறித்துக்கொண்டிருந்தது. வைஸ்ராய் என்ற பட்டம் தோன்றாத அக்காலத்தில் கவர்னர் ஜெனரலாக இருந்த டல்ஹவுசி பிரபு, மிண்டோன் மன்னரிடம் ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். ஆர்தர் ஃபெய்ர் தலைவர், ஹென்றி யூல் செயலாளர், ஓவியர் ஒருவரும் உடன் சென்றார், புகைப்படக்காரராக டிரைப். 1855 ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை ஐராவதி ஆற்றின் வழியே சென்று வந்த பயணம் அது. நோயும் மழைக்கால வானமும் பல நாட்களைத் தின்றுவிட்டன. எஞ்சிய நாட்களில் இருநூறுக்கு மேற்பட்ட படங்களை எடுத்தார். பெங்களூர் திரும்பி, உதவியாளர்களை வைத்துக்கொண்டு, 120 படங்களைத் தேர்ந்து ஐம்பது தொகுதிகள் அச்சிட்டார். கணக்குப் போட்டால் ஆறாயிரம் அச்சுப்படங்கள். ஒவ்வொன்றும் வெயிலில் காய்ந்து பிறந்தது.

அந்தப் பர்மியப் படங்களில்தான் நம் பொருளின் உயிர் இருக்கிறது. தூதுக்குழு சென்ற தலைநகர் அமரபுரம். 1783-இல் போதவ்பயா மன்னர் நிறுவிய நகரம் அது; தேக்கு மரத்தாலான மடங்கள், அடுக்குக் கூரைகள், மரச் செதுக்கு வேலைகள் நிறைந்தது. டிரைப் தம் காமிராவை நிறுத்தி எடுத்தபோது அங்கே மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டே ஆண்டுகளில், 1857-இல், மிண்டோன் மன்னர் மண்டலே என்னும் புதிய தலைநகருக்கு அடிக்கல் நாட்டினார். அமரபுரத்து அரண்மனைக் கட்டடங்கள் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு யானைகளின் மேல் புதிய ஊருக்குச் சென்றன. மதிற்கற்கள் பின்னாளில் சாலைக்கும் இரயில் பாதைக்கும் போயின. புதிய ஊருக்குச் சென்ற அரண்மனையும் நிலைக்கவில்லை. 1945-இல், இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் எரிந்துபோயிற்று. ஒரே ஒரு மரமாளிகை பிழைத்தது. 1880 வாக்கில் மிண்டோனின் மகன் அதனை அரண்மனை வளாகத்திலிருந்து பெயர்த்து வெளியே மடமாகக் கட்டுவித்தார். வெளியே இருந்ததால் தப்பிற்று. மற்றபடி, தலைநகராக இருந்த அமரபுரத்தைக் காண விரும்புவோர் டிரைப்பின் தாள்களைத்தான் பார்க்க வேண்டும். ஒரு நகரம் மறைவதற்குச் சற்று முன்னே ஒருவர் வந்து சேர்ந்தது தற்செயல்தான். அவருக்கும் அது தெரிந்திருக்க முடியாது.

பர்மியப் படங்களின் வெற்றி அவருக்குப் பதவி தந்தது. ஓவியர்களைவிடக் காமிரா விரைவும் சிக்கனமும் உடையது என்று கம்பெனியின் இலண்டன் இயக்குநர்கள் 1855-லேயே கருத்துத் தெரிவித்திருந்தனர். சென்னையில் ஓவியப் பள்ளியை 1850-இல் தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டர் புகைப்படக் கலைக்குப் பெரும் ஆதரவாளர். இன்று எழும்பூரை அடுத்து அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குவது அப்பள்ளியே. இச்சூழலில் டிரைப் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமனம் பெற்றார். மாகாணத்தின் கோயில்கள், கோட்டைகள், அரண்மனைகள், பாறைகள், தொழில்கள் என எல்லாவற்றையும் அழியுமுன் பதிவுசெய்வது அவர் திட்டம்.

1857 டிசம்பரில் பெங்களூரை விட்டுப் புறப்பட்டார். வடக்கே சிப்பாய்களின் எழுச்சி இன்னும் அடங்கவில்லை. அந்த நேரத்தில் ஒரு கம்பெனி அதிகாரி காமிராவோடும் இரசாயனப் புட்டிகளோடும் தெற்கு நோக்கி மாட்டுவண்டியில் போகிறார் என்பது நினைக்க வியப்பளிக்கிறது. இராயக்கோட்டை வழியாகத் திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று நான்கரை மாதங்கள் சுற்றிவிட்டு 1858 ஏப்ரல் இறுதியில் சென்னையை அடைந்தார். அன்றைய ஸ்ரீரங்கத்துத் தெற்கு இராஜகோபுரம் அடித்தளத்தோடு நின்ற மொட்டைக் கோபுரம். அது பதின்மூன்று நிலையோடு முழுமை பெற்றது 1987-இல்தான். பழம்படங்கள் இழந்தவற்றை மட்டும் காட்டுவதில்லை, அப்போது இல்லாதவற்றையும் காட்டும்.

மதுரையில் அவர் அதிக நாள் தங்கினார். நான்கு தொகுதிகளுக்குப் படம் தேறியது. மீனாட்சியம்மன் கோயில், புதுமண்டபம், தெப்பக்குளம், தமுக்கம் மாளிகை, வைகை, யானைமலை என்று அவர் கண் படாத இடம் குறைவு. அன்றைய தமுக்கம் மாளிகைதான் இன்றைய காந்தி அருங்காட்சியகம். இவற்றுள் மகாலின் படங்களே எனக்கு முதன்மையாகப் படுகின்றன. திருமலை நாயக்கர் 1636-இல் கட்டியெழுப்பிய அரண்மனையில் நாம் இன்று காண்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே என்பர். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது அரண்மனையின் பெரும்பகுதியைப் பிரித்துக்கொண்டு போனார். எஞ்சியதும் கேட்பாரற்றுக் கிடந்தது. டிரைப்பின் படங்களில் இருப்பது அந்தச் சிதைந்த மகால்தான். அவர் வந்துபோன சில ஆண்டுகளில், 1866 முதல் 1872 வரை கவர்னராயிருந்த நேப்பியர் பிரபு அதைப் பழுதுபார்க்க ஏற்பாடு செய்தார். எனவே இன்று நாம் அண்ணாந்து பார்த்து வியக்கும் சுதை வேலைகளில் எது நாயக்கர் காலத்தது, எது பிற்காலத்துச் செப்பம் என்று ஆராய்வோருக்கு 1858-இன் படம் ஒரு சான்றாவணம்.

தஞ்சையில் அவர் செய்தது இன்னொரு வகை வேலை. மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855-இல் ஆண்வாரிசின்றி இறந்ததும் அரசுரிமையைக் கம்பெனி ஒழித்திருந்தது. அரண்மனைக்கு அரசன் இல்லாத ஊருக்குத்தான் டிரைப் வந்து சேர்ந்தார். பெரிய கோயில் விமானத்தின் அடிப்பீடத்தில் ஓடும் கல்வெட்டை அவர் விட்டுவிடவில்லை. காமிராவைச் சிறிது சிறிதாக நகர்த்தித் தனித்தனிப் படங்களாக எடுத்து, 21 அச்சுப்படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளச் சுருளாக்கினார். அந்த எழுத்துகளைப் படிக்கும் திறன் அவருக்கு இல்லை. ஹுல்ட்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் தஞ்சைக் கல்வெட்டுகளைப் படித்துத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் வெளியிட்டது 1890-களில். இராஜராஜ சோழனின் கொடைகளும், தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவரின் பெயர்களும் அதன்பின்னரே உலகறிந்தன. படிக்கத் தெரியாத எழுத்தை, படிக்கத் தெரிந்தவன் ஒருவன் வருவான் என்று நம்பி அங்குலம் அங்குலமாக எடுத்து வைத்த பொறுமையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

சென்னைக்கு வந்ததும் அமராவதிச் சிற்பங்களைப் படம்பிடித்தார். வால்டர் எலியட் 1845-இல் அகழ்ந்தெடுத்துச் சென்னைக்கு அனுப்பிய பௌத்தச் சிற்பங்கள் அவை. ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்தவை. டிரைப் எடுத்த மறு ஆண்டே அவை கப்பலேறி இலண்டன் சென்றன. இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன.

டிரைப்பின் படங்களைப் பார்க்கும் எவரும் முதலில் உணர்வது வெறுமையைத்தான். புதுமண்டபத்தில் கூட்டமில்லை, வீதியில் வண்டியில்லை. நிமிடக் கணக்கில் வில்லை திறந்திருந்ததால் நடமாடியவர்கள் தாளில் பதியவே இல்லை. நின்றவர் சிலர் மட்டும் நிழல்போல் தெரிவர். அதில் ஒரு குறையும் இருக்கிறது. மக்களற்ற நாடு என்ற எண்ணத்தை அவை ஊட்டிவிடும். அது ஆளவந்தவர்களுக்கு உவப்பான எண்ணமே. இவர் அரசின் கூலி பெற்ற அதிகாரி என்பதையும், கோட்டைகளை எடுத்ததில் வெறும் கலையார்வம் மட்டும் இருந்திராது என்பதையும் நாம் மறக்கலாகாது. இன்னொன்றும் உண்டு. வெறுமையான வானத்தில் மேகங்களையும், மங்கிய மரங்களில் இலைகளையும் அவர் எதிர்ப்படத் தாளின் மேல் தூரிகையால் தீட்டிச் சேர்த்தார். ஆகவே அவருடைய கோபுரங்களை நம்பலாம். மேகங்களை நம்ப வேண்டாம்.

அச்சுவேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, 1859-இல் சார்லஸ் டிரெவெல்யன் சென்னைக் கவர்னராக வந்தார். எழுச்சியை அடக்கிய செலவில் கருவூலம் வற்றிக் கிடந்தது. கம்பெனி ஆட்சியும் முடிந்து நாடு பிரிட்டிஷ் மகாராணியின் கைக்குப் போயிருந்தது. அயர்லாந்துப் பஞ்சத்தின்போது இலண்டன் கருவூலத்தில் அமர்ந்து சிக்கனம் பேசியவர் என்று பெயர் பெற்றவர் இந்த டிரெவெல்யன். நிதி நிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் என்று முடிவுகட்டி, புகைப்பட வேலையை நிறுத்தச் செய்தார். நோய்க்கும் மழைக்கும் ஈடுகொடுத்த காப்டன் கோப்புக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. 1860-க்குள் எல்லாம் அடங்கிவிட்டது. மாகாணம் முழுவதையும் பதிவுசெய்யும் திட்டம் ஒரே ஒரு சுற்றுப்பயணத்தோடு நின்றது. காஞ்சிபுரமும் மாமல்லபுரமும் திருநெல்வேலியும் அவர் வழியில் வரவே இல்லை.

டிரெவெல்யனை முற்றிலும் பழிப்பதும் நியாயமாகாது. சென்னை மக்களுக்குப் பீப்பிள்ஸ் பார்க் என்னும் பெரும் பூங்காவைத் தந்தவர் அவரே. ஆனால் அந்தப் பூங்காவின் கதையைக் கேளுங்கள். அதன் நிலத்தில் 1900-இல் மூர் மார்க்கெட் எழுந்தது. 1985 மே மாதத்தில் அது தீக்கிரையாயிற்று. அங்கே புறநகர் இரயில் நிலையக் கட்டடம் வந்தது. பூங்காவில் எஞ்சியது சிறு துண்டே. புகைப்படத்தை வீண் செலவு என்றவரின் பூங்காவையும் இன்று நாம் பழைய புகைப்படங்களில்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

முப்பத்தெட்டு வயதில் டிரைப்பின் கலைவாழ்வு ஏறத்தாழ முடிந்துவிட்டது. படைப்பணியில் தொடர்ந்தார். 1870-களில் ஓய்வு பெற்று, கௌரவ மேஜர் ஜெனரலாகப் பிறந்த ஊருக்கே திரும்பினார். நாற்பதாண்டுக் காலம் யாரும் அவரைப் புகைப்படக்காரர் என்று தேடி வந்ததாகத் தெரியவில்லை. 1902 மார்ச் 2-ஆம் நாள் டெவன்போர்ட்டில் காலமானார். நூறாண்டுகள் கழித்து, 2003-இல், ஜேனட் டியூவன் அவருடைய படங்கள் அனைத்தையும் வரிசைப்படுத்திப் பெரும்பட்டியல் வெளியிட்டார். 2014-இலும் 2015-இலும் வாஷிங்டன், நியூயார்க், இலண்டன் நகரங்களில் அப்படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. மதுரையையும் தஞ்சையையும் அந்நகரத்தார் வரிசையில் நின்று பார்த்தனர்.

இவற்றை நூலகத்துக் கணினியில் ஒவ்வொன்றாகப் பார்த்தபோது எனக்கு எங்கள் ஊர் நினைவே வந்தது. நான் படப்பையிலிருந்து வருபவன். வண்டலூர் வாலாஜாபாத் சாலை அகலமானதும், ஒரகடத்தில் ஆலைகள் அடுத்தடுத்து எழுந்ததும் எங்கள் பக்கத்து முகத்தை ஒரே தலைமுறையில் மாற்றிவிட்டன. வேலை கிடைத்தது, பலர் வீட்டில் அடுப்பெரிந்தது, அதை மறுக்க மாட்டேன். சாலையோரத்து ஓட்டு வீடுகளும் தூண் வைத்த திண்ணைகளும் போயின. அவை எப்படி இருந்தன என்று பார்க்க வீட்டிலிருந்த பழைய திருமண ஆல்பத்தைப் புரட்டினேன். எல்லாப் படத்திலும் மாமாக்களும் அத்தைகளும் தோளோடு தோள் ஒட்டி நின்று வீட்டை முழுதாக மறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு படத்தின் மூலையில் மட்டும் அரைத் தூண் தெரிந்தது. டிரைப்பின் படங்களில் கட்டடம் இருக்கிறது, ஆள் இல்லை. எங்கள் ஆல்பத்தில் ஆள் இருக்கிறது, கட்டடம் இல்லை.

எங்கள் தெருவில் இன்னும் ஒரே ஒரு திண்ணை வீடு இருக்கிறது. இடிக்க நாள் பார்த்திருக்கிறார்கள். சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் சாய்வாக விழும் நேரத்தில், அதன் எதிரே நின்று கைப்பேசியில் படம் எடுக்கப் போனேன். வாசலில் இருந்தவர்களைச் சற்று விலகச் சொன்னேன். எல்லாரும் விலகினார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்த வீட்டுப் பாட்டி மட்டும் நகர மறுத்துவிட்டார். அவரையும் சேர்த்தே எடுத்தேன்.